கொழும்பிலிருந்து ஐரோப்பா போகிறவர்களுக்கு: எல்லை கடக்கும் ரயில் டிக்கெட்டை மலிவாக எடுப்பது எப்படி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஐரோப்பாவில் சொந்தம் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அண்ணன் பாரிஸில், அக்கா சூரிச்சில், சித்தப்பா டோர்ட்முண்டில், மாமா லண்டனில் என்று ஒரே குடும்பம் நாலு நாட்டில் பரந்திருக்கிறது. வீசா கிடைத்து ஒருமுறை போகிறவர்கள் எல்லாரையும் பார்த்துவிட்டுத் திரும்பவே விரும்புவார்கள். விமான டிக்கெட்டுக்கு நாலு ஏஜென்சியில் விலை கேட்கிறோம். ரயிலை மட்டும் "அங்கே போய்ப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பணம் கரைவது அந்த இடத்தில்தான். பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு முன்கூட்டியே எடுத்தால் 30, 40 யூரோவில் கிடைக்கக்கூடிய இருக்கை, புறப்படுவதற்கு முந்தின நாள் 100 யூரோவைத் தாண்டி நிற்பது வழமை. நாலு பேர் கொண்ட குடும்பம் போய்வர அந்த வித்தியாசம் எவ்வளவு என்று ரூபாயில் கணக்குப் பார்த்தால் மனம் தாங்காது.

ஐரோப்பிய வேக ரயில்களில் விலை தூரத்தை வைத்துப் போடப்படுவதில்லை. ஒரு ரயிலின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அடிப்படியில் கொஞ்ச இருக்கைகள்தான் இருக்கும். அவை விற்றதும் அடுத்த படி, பிறகு அதற்கடுத்தது. விற்பனை திறப்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். பெரும்பாலும் பயணத்துக்கு 3 முதல் 6 மாதம் முன்பு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் நடுப்பகுதியில் ஐரோப்பா முழுவதும் ரயில் நேர அட்டவணை மாறுகிறது. அந்தத் தேதிக்குப் பிந்திய ரயில்களின் விற்பனை வழமையைவிடத் தாமதமாகத்தான் திறக்கும். நத்தார், தைப்பொங்கல் காலத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் செப்டம்பரில் தேடிப் பார்த்து, ரயிலே காட்டவில்லையே என்று கைவிட்டுவிடக் கூடாது. ஒக்டோபர் பிற்பாதியிலிருந்து மறுபடி பாருங்கள்.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். மலிவு டிக்கெட் முதலில் விற்றுப்போகும். வீசா கடைசியில்தான் வரும். செங்கன் வீசாவுக்கு, அதாவது பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான வீசாவுக்கு, பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்ப மையத்தில் நாள் கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டிவரும். முடிவு வழமையாக 15 நாளில் வரும், ஆனால் 45 நாள்வரை இழுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ. மறுத்தால் திரும்பி வராது. அதற்குமேல் ரத்துச் செய்யமுடியாத ரயில் டிக்கெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பது பெரிய துணிச்சல். விண்ணப்பத்தோடு பயண ஒழுங்கை எழுதிக் கொடுக்கலாம்: எந்த நாள், எந்த ரயில், எங்கிருந்து எங்கே என்று தெளிவாக இருந்தால் போதும். வீசா எடுப்பதற்காகவே பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், ரயில் பாதையை மாற்றி ஒரு நாட்டில் நாட்களைக் கூட்டினால் எந்த நாட்டு வீசா என்பதும் மாறிவிடும். எனவே பாதையை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

ஆகவே பயணத்தின் ஒவ்வொரு துண்டையும் மூன்று கேள்விகளால் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த டிக்கெட்டின் விலை ஏறுமா? ஏறினால், ரத்துச் செய்யக்கூடிய வகையில் இப்போதே எடுக்கலாமா? விலை ஏறாத ரயில் அதே பாதையில் இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. ஐரோப்பாவில் பிராந்திய ரயில்கள், அதாவது சிறு நகரங்களை இணைத்து ஓடும் சாதாரண ரயில்கள், பெரும்பாலும் நிலையான விலையில் ஓடுகின்றன. மூன்று மாதம் முன் எடுத்தாலும் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன் எடுத்தாலும் ஒரே விலைதான். இருக்கைப் பதிவும் தேவையில்லை. விலை அதிகமாக ஏறுவது எல்லையைக் கடந்து நேரடியாக ஓடும் வேக ரயில்களில்தான்.

பாரிஸ்–சூரிச் பாதையை எடுத்துக்கொள்வோம். நேரடி ரயில் டிஜிவி லிரியா என்ற வேக ரயில். பாரிஸின் கார் டு லியோன் நிலையத்திலிருந்து சுவிஸ் எல்லை நகரமான பாசல் வழியாக 4 மணி நேரம். மலிவாகக் கிடைத்தால் இதைவிட நல்ல வழி இல்லை, குறிப்பாக வயது போனவர்களுக்கு. விலை ஏறிவிட்டால், அல்லது வீசா இன்னும் வரவில்லை என்றால், எல்லையில் பாதையை வெட்டி, தனித்தனி டிக்கெட்டாக எடுக்கலாம். பாரிஸ் கார் டு லெஸ்ட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரை டிஜிவி ஒன்றே முக்கால் மணி நேரம். இது முழுக்கப் பிரான்ஸுக்குள் ஓடும் ரயில். டிஜிவி இனுயி (டிஜிவியின் வழமையான வகை) டிக்கெட்டைப் பயணத்துக்குச் சில நாள் முன்புவரை கட்டணமின்றி ரத்துச் செய்யலாம். எந்த நாள்வரை என்பது வாங்கும்போதே திரையில் இருக்கும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பாசலுக்குப் பிராந்திய ரயில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அதன் டிக்கெட்டை அன்றைக்கே எடுக்கலாம். பாசலிலிருந்து சூரிச், பேர்ண் இரண்டுக்குமே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இப்படிச் செய்தால் வீசா வருமுன் கையைக் கடிக்கும் பணம் எதுவும் கட்டப்படுவதில்லை. வீசா மறுக்கப்பட்டால் டிஜிவி டிக்கெட்டை ரத்துச் செய்தால் முடிந்தது. பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர்க் பாதையில் ஊய்கோ என்ற மலிவு ரயிலும் ஓடுகிறது. அதன் சாதாரண டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. சிறு பைக்கும் ஒரு கைப்பெட்டிக்கும் மேல் கொண்டுபோனால் தனிக் கட்டணம். வீசா கையில் உள்ளவருக்கு, அதுவும் சுமை குறைவாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் நிறைத்த 30 கிலோ பெட்டியோடு போகிறவர்களுக்கு அது லாபமில்லை. பிரெஞ்சு ரயில்களில் பெட்டிகளில் பெயர் எழுதிய அட்டை கட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி.

ஜேர்மனிப் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்ட்ராஸ்பூர்க் இன்னும் வசதியானது. 2017 முதல் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ட்ராம் ரைன் ஆற்றைத் தாண்டி ஜேர்மனியின் கேல் வரை ஓடுகிறது. நகர ட்ராம் டிக்கெட்டிலேயே எல்லையைக் கடந்துவிடலாம். கேலிலிருந்து ஜேர்மன் பிராந்திய ரயில்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நாள் டிக்கெட் உண்டு. 5 பேர்வரை ஒன்றாகப் போகலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு விழும் விலை குறையும். கேல் அடங்கிய பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் டிக்கெட் பாசலில் உள்ள ஜேர்மன் நிலையமான பாசல் பாடிஷர் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும் என்பதை மறக்க வேண்டாம், 8.40 ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். வேக ரயில்களில் இது செல்லாது.

மாதம் முழுவதும் ஜேர்மனியில் நிற்பவர்களுக்கு டொய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் பிராந்திய ரயில், பஸ், ட்ராம் எல்லாம் அடங்கும். ஆனால் அது மாதாந்தச் சந்தா. மாதத்தின் 10ஆம் திகதிக்குள் ரத்துச் செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசும் போகும். பெயர் பதிந்த டிக்கெட் என்பதால் தம்பியின் டிக்கெட்டில் அக்கா போகமுடியாது. பரிசோதகர் அடையாள அட்டை கேட்பார்.

ஜேர்மனியின் ஹாம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் பாரிஸிலிருந்து போகிறவர்கள் நிறையப் பேர். நேரடி வழி பாரிஸ் கார் டு நோர் நிலையத்திலிருந்து பிரசெல்ஸ், ஆகன், கொலோன் வழியாக ஓடும் யூரோஸ்டார் ரயில். முன்பு தலிஸ் என்ற பெயரில் ஓடியது. சில ரயில்கள் டோர்ட்முண்ட் வரை போகும். கொலோனுக்கு மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருவிழா வார இறுதியில் விலை உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டும் இடங்கள் இரண்டு: பிரசெல்ஸும் ஜேர்மன் எல்லை நகரமான ஆகனும். 2024 டிசம்பரில் பாரிஸ்–பிரசெல்ஸ் பாதையில் பழைய தண்டவாளத்தில் ஓடும் ஊய்கோ ரயில் தொடங்கியது. வேக ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போகும் தூரத்துக்கு இது 3 மணி நேரம் எடுக்கும். விலை 10 யூரோவிலிருந்து. பிரசெல்ஸிலிருந்து லியேஜ் வழியாக வெல்கன்ராட் வரை பெல்ஜிய ரயில், அங்கிருந்து ஆகனுக்குச் சிறு ரயில். ஆகனில் ஆர்இ 1 என்ற பிராந்திய ரயிலில் ஏறினால் கொலோன், டியூசல்டோர்ஃப், எசன், டோர்ட்முண்ட் எல்லாம் தாண்டி ஹாம் வரை இறங்கவே வேண்டாம். பகல் முழுவதும் போய்விடும். இளம் ஆட்களுக்குச் சரி. முழங்கால் வலியுள்ள அம்மாவை இப்படி மூன்று இடத்தில் மாற்றி ஏற்றுவது எங்கள் பார்வையில் சேமிப்பு அல்ல. அவருக்கு நேரடி ரயிலை எடுத்துவிட்டு இளையவர்கள் மலிவு வழியில் வந்து சேரலாம், துணைக்கு ஒருவர் மட்டும் அவரோடு போனால் போதும்.

யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. முழு ஐரோப்பாவையும் ஒரே விலையில் விற்கும் தளம் கிடையாது. எல்லை கடக்கும் ஒரே ரயிலை இரண்டு மூன்று கம்பனிகள் தங்கள் தங்கள் ஒதுக்கீட்டிலிருந்து விற்கும். சூரிச்–மியூனிக் ரயிலை சுவிஸ் எஸ்பிபி, ஜேர்மன் டிபி, ஒஸ்திரிய ஓபிபி என்ற மூன்று ரயில் கம்பனிகளின் தளங்களிலும் தேடிப் பாருங்கள். ஒரே ரயில், ஒரே இருக்கை வகுப்பு, வேறு விலை வரும். பிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட் பக்கம் பாரிஸிலிருந்து போகும் ரயில்கள் பிரெஞ்சு எஸ்என்சிஎஃப்பும் டிபியும் கூட்டாக ஓட்டுபவை. இரண்டு பக்கமும் பாருங்கள். 2024 டிசம்பரிலிருந்து பாரிஸ்–பெர்லின் நேரடிப் பகல் ரயிலும் இருக்கிறது, 8 மணி நேரம். ட்ரெயின்லைன், ரயில் யூரோப் போன்ற இடைத்தரகுத் தளங்கள் தேடுவதற்கு மிகவும் நல்லவை, வெளிநாட்டு வங்கிக் காட்டையும் எளிதில் ஏற்கும். ஆனால் சேவைக் கட்டணம் சேர்க்கலாம். ரயில் ரத்தானால் நிலையக் கருமபீடம் "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று அனுப்பிவிடும்.

டிபியில் மலிவு டிக்கெட் இரண்டு வகை. சூப்பர் ஸ்பார்பிரைஸ் ரத்துச் செய்ய முடியாதது. ஸ்பார்பிரைஸை பயண நாளுக்கு முந்தின நாள்வரை சிறு கட்டணம் கழித்து ரத்துச் செய்யலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் சில யூரோதான். வீசா வராதவர் இரண்டாவதை எடுக்க வேண்டும். இரண்டுமே குறித்த ரயிலுக்கு மட்டும் செல்லும். முந்தின ரயிலிலோ பிந்தின ரயிலிலோ ஏறமுடியாது.

சுவிஸுக்குள் சுற்றுகிறவர்கள் எல்லை கடக்கும் டிக்கெட்டைப் பாசல் வரைக்கும் மட்டும் எடுத்து, அதற்குமேல் சேமிப்பு நாள் பாஸ் எடுக்கலாம். முன்கூட்டி எடுத்தால் இரண்டாம் வகுப்பு 52 பிராங்கிலிருந்து தொடங்கும். அன்று முழுவதும் ரயில், பஸ், பெரும்பாலான படகு எல்லாம் அடங்கும். காலையில் பாசலில் இறங்கி, பேர்ணில் சகோதரியைப் பார்த்து, மாலையில் சூரிச் போவதென்றால் தனித்தனி டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் இது மலிவு. தேதி நெருங்க நெருங்க இதுவும் ஏறும், பணமும் திரும்பாது.

நாலைந்து பேருக்கு ஒன்றாகத் தேடும்போது ஒரு நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். அடிப்படியில் 2 இருக்கை மட்டும் மிஞ்சியிருந்தால், 5 பேருக்குத் தேடும்போது பல தளங்கள் ஐந்து பேரையுமே அடுத்த படிக்கு ஏற்றிவிடும். எனவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருவருக்கு, மூவருக்கு. விலை துள்ளும் இடத்தில் குழுவைப் பிரித்து வாங்குங்கள். இருக்கைகள் பிரிந்துபோகலாம் என்பதால் சிறு பிள்ளை எப்போதும் பெரியவர் ஒருவரின் பதிவிலேயே இருக்கட்டும். பிள்ளைகளை இலவசமாக ஏற்றும் ரயில்களிலும் பதிவின்போது அவர்களைச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் ரயிலுக்குள் முழுக் கட்டணம் கேட்பார்கள்.

வெட்டி வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. அதை மறைத்துச் சொல்லக்கூடாது. ஒரு காலத்தில் கோட்டை நிலையத்தில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பல், தனுஷ்கோடியிலிருந்து மறுபடி ரயில் என்று சென்னை எழும்பூர் வரை போகமுடிந்தது. 1914இல் தொடங்கிய அந்தத் தனுஷ்கோடி வழி 1964 டிசம்பர்ப் புயலோடு நின்றது.  ஐரோப்பாவில் இன்று அப்படிப்பட்ட ஒரே டிக்கெட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தனித்தனி டிக்கெட்டுக்கு இல்லை. 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய ரயில் பயணிகள் சட்டத்தின்படி, முழுப் பயணமும் ஒரே ஒப்பந்தமாக விற்கப்பட்டிருந்தால், முதல் ரயில் பிந்தி அடுத்த ரயில் தவறினாலும் கம்பனி உங்களைச் சேரிடத்தில் சேர்க்க வேண்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால் தவறிய ரயிலின் காசு உங்கள் கணக்கில். தளம் ஒன்று இரண்டு டிக்கெட்டை ஒரே கட்டணத்தில் விற்று, அவை தனி ஒப்பந்தங்கள் என்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், தொடர் ரயில் தவறும்போது முழுப் பணத்தையும் அதற்குமேல் 75 வீத நட்டஈட்டையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கட்டணம் செலுத்தும் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

இந்த ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறது. குறித்த ரயிலுக்கு மட்டும் செல்லும் டிக்கெட்டைப் பயணத்தின் முதல் துண்டாக வையுங்கள். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய பிராந்திய டிக்கெட்டை இரண்டாவது துண்டாக வையுங்கள். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வழியாகப் பாசல் போகும்போது இது தானாக அமைந்துவிடும். திரும்பி வரும்போது வரிசை தலைகீழாகும்: பிராந்திய ரயில் முதலில், டிஜிவி பிறகு. அப்போது இடையில் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். விமானம் ஏறும் நாளில் தனித்தனி டிக்கெட்டில் எல்லை கடந்து வரவே வேண்டாம். முதல் நாளே வந்து தங்குங்கள்.

லண்டன் பயணம் தனிக் கணக்கு. அதன் வீசாவும் தனி, ரயிலும் தனி. இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பிரித்தானிய வீசா வேறாக வேண்டும். பாரிஸில் இறங்கி, யூரோஸ்டாரில் லண்டன் போய், மறுபடி பாரிஸ் வந்து கொழும்புக்குத் திரும்புவது என்றால் செங்கன் பகுதிக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். வீசாவில் நுழைவு எண்ணிக்கை ஒன்று என்று இருந்தால், லண்டனிலிருந்து திரும்பும் ரயிலில் உங்களை ஏற்றமாட்டார்கள்; அந்த டிக்கெட் காசும் போய்விடும். டிக்கெட் எடுக்குமுன் வீசா ஸ்டிக்கரில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஒற்றை நுழைவுதான் கிடைத்திருக்கிறது என்றால் பாரிஸுக்கு வரும் விமானமும் லண்டனிலிருந்து திரும்பும் விமானமும் சேர்ந்த டிக்கெட் எடுங்கள். யூரோஸ்டார் ஒருவழி மட்டும் போதும். ரயில் செலவும் பாதியாகும்.

லண்டன் யூரோஸ்டாரில் இரண்டு நாட்டுக் குடிவரவுச் சோதனையும் ரயில் ஏறுமுன்பே நடக்கும். புறப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் கதவு மூடிவிடும். 2025 ஒக்டோபர் 12 முதல் ஐரோப்பாவின் புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறை தொடங்கியிருப்பதால் வரிசை இன்னும் நீளலாம்; 90 நிமிடம் முன்னதாகப் போங்கள். லா ஷப்பல் கடைத்தெரு கார் டு நோர் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதற்காகக் கடைசி நேரத்தில் தோசை சாப்பிடப் போனவர்கள் ரயிலைத் தவறவிடுகிறார்கள். வீசா தாமதமாக வந்து முன்கூட்டி எடுக்கமுடியாமல் போனவர்களுக்கு யூரோஸ்டார் ஸ்னாப் என்ற சலுகை உதவும். காலையா மாலையா என்று மட்டும் தெரிவு செய்து, இரண்டு வாரத்துக்குள் உள்ள பயணத்துக்குக் குறைந்த விலையில் எடுக்கலாம். சரியான ரயில் நேரம் 48 மணி நேரம் முன்புதான் தெரியவரும். பணம் திரும்பாது. கையில் இரண்டு வீசாவும் வந்த பிறகு மட்டும்.

பல நாட்டு ரயில்களிலும் ஏறக்கூடிய பாஸ் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. இலங்கையில் வசிப்பவருக்கு யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில். கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதல்ல, எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. ஜேர்மனியில் படிக்கும் இலங்கை மாணவர் இன்டர்ரெயில்தான் எடுக்க வேண்டும். 4 முதல் 11 வயதுப் பிள்ளைகள், பெரியவர் ஒருவருக்கு இருவர் வீதம், இலவசம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 27 வயது வரை உள்ளவர்களுக்கும் விலை குறைவு. பாவிக்கத் தொடங்காத சாதாரண பாஸுக்கு 85 வீதம் திரும்பக் கிடைக்கும் என்பதால் வீசாவுக்குக் காத்திருப்பவருக்கு இது நல்லதாகத் தெரியும். ஆனால் சலுகை விலைப் பாஸுக்கு அந்த வசதி இல்லாமல் போகலாம். பாஸ் இருந்தாலும் யூரோஸ்டாருக்கும் டிஜிவிக்கும் தனியாக இருக்கைப் பதிவுக் கட்டணம் கட்டவேண்டும். யூரோஸ்டாரில் அது 30 யூரோ அளவிலோ அதற்கு மேலோ வரும், பாஸ்காரருக்கான ஒதுக்கீடும் சிறியது. ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ், நெதர்லாந்து என்று சுற்றி, திகதி அடிக்கடி மாறக்கூடியவர்களுக்குப் பாஸ் நல்லது. பாரிஸ்–லண்டன்–சூரிச் மட்டும் போகிறவருக்குப் பெரும்பாலும் நட்டம்.

பெயர் பதிவில் நம்மவர்கள் படும் பாடு தனி. இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு கட்டம் இருக்கும். தகப்பன் பெயர் எந்தக் கட்டத்தில் அச்சாகியிருக்கிறதோ அதே கட்டத்தில்தான் டிக்கெட்டிலும் போக வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயர், கணவன் பெயரோடு சேர்த்த பெயர், முதலெழுத்துச் சுருக்கம் எதுவும் வேண்டாம். பெயர் நீளமாகித் தளத்தின் கட்டத்தில் அடங்காவிட்டால், கடவுச்சீட்டுப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் மேல்வரியைப் பாருங்கள். அங்கே குடும்பப் பெயர் முதலில், பிறகு மற்றப் பெயர்கள் இருக்கும். அதே வரிசையில், இடம் உள்ள அளவுக்கு எழுதுங்கள். யூரோஸ்டாரில் பெயர்த் தவறு குடிவரவு வரிசையில் சிக்கலாகும். முகவரிக் கட்டத்தில் தபால் குறியீடு கட்டாயமாகக் கேட்கும்: வெள்ளவத்தைக்கு 00600, கொட்டாஞ்சேனைக்கு 01300. தொலைபேசி இலக்கத்தில் 94க்குப் பிறகு வரும் பூச்சியத்தை நீக்குங்கள்.

காசு கட்டும் கட்டத்தில்தான் பதிவுகள் அதிகம் முறிகின்றன. டெபிட் காட் என்றால் வெளிநாட்டு இணையக் கொடுக்கல்வாங்கல் திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேளுங்கள். ஓடிபி உங்கள் கொழும்பு இலக்கத்துக்கு வரும். ஐரோப்பாவில் நிற்கும்போது வாங்க நேர்ந்தால் ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வராது. டிக்கெட்டைத் தளத்தின் வாங்கும் கூடையில் போட்டபின் கட்டணம் செலுத்தத் தரும் அவகாசம் கொஞ்ச நிமிடம்தான், அதற்குள் ஓடிபி வராவிட்டால் இருக்கை கைநழுவும். சில ரயில் கம்பனித் தளங்கள் வெளிநாட்டுக் காட்டைக் காரணம் சொல்லாமல் நிராகரிக்கும். மூன்று நாலு தடவை திரும்பத் திரும்ப அடித்தால் வங்கியே காட்டை முடக்கிவிடும். இரண்டு தடவையோடு நிறுத்தி வேறு தளத்திலோ உறவினரின் காட்டிலோ எடுங்கள். கட்டுபவரின் பெயரும் பயணியின் பெயரும் வேறாக இருப்பதில் பெரும்பாலான தளங்களுக்குப் பிரச்சினை இல்லை. இலங்கை ரூபாயில் கட்டலாமா என்று திரை கேட்டால் யூரோவையே தெரிவு செய்யுங்கள். ரூபாய் என்றால் அவர்களின் மாற்று வீதத்தில் இன்னும் கூடும். யூரோவில் கட்டினாலும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஏஜென்சி மூலம் எடுக்கிறவர்கள் பதிவு இலக்கத்தையும் கம்பனி அனுப்பிய மூல டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி தானே அடித்த பயண அட்டவணை ரயிலில் செல்லாது.

நேரக் கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை கொழும்பு பாரிஸைவிட மூன்றரை மணி நேரம் முன்னே, மற்றக் காலத்தில் நாலரை மணி நேரம். விற்பனை திறக்கும் நாளில் காலையில் தேடிக் கிடைக்காவிட்டால் மதியத்துக்குப் பிறகு மறுபடி தேடுங்கள்.

ரயில் பிந்தினால் காசு திரும்பக் கேட்க மறக்காதீர்கள். சேரிடத்தை 60 முதல் 119 நிமிடம் பிந்திச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 வீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 வீதம். கடும் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு; ரயில் ஊழியரின் வேலைநிறுத்தத்துக்கு விலக்கு இல்லை. கோரிக்கையை 3 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கொழும்புக்குத் திரும்பிய பிறகும் இணையத்தில் அனுப்பலாம். வவுச்சர் தருகிறோம் என்றால் பணமாகத் தரும்படி எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ரயிலுக்குள் பரிசோதகரிடம் தாமதத்தை எழுதி வாங்கிவைத்தால் கோரிக்கை விரைவில் முடியும். காட்டில் கட்டிய பணம் பெரும்பாலும் அதே காட்டுக்குத்தான் திரும்பும், ஆகவே அந்தப் பணம் வந்து சேரும்வரை அந்தக் காட்டை மூடிவிட வேண்டாம்.